வீட்டு நேரத்தில் ஓடும் படகு

"சன்னலைச் சாத்து லோவ்ரே. வெயில் விழுந்து நட்சத்திரமே தெரிய மாட்டேங்குது."

பட்டப்பகலில் நட்சத்திரம் பார்க்கிற பெண்டாட்டியோடு குடும்பம் நடத்துவது லோவ்ரேவுக்குப் பழகிப்போயிருந்தது. எழுந்து போய்ப் பச்சை மரக்கதவுகளை இழுத்துச் சாத்தினார். ஸ்ப்ளிட் துறைமுக நகரத்தின் பிப்ரவரி வெயில் வெளியே நின்றுகொண்டது. அறை இருண்டதும் கணினித் திரையில் சாம்பல் நிறக் கடலும், அலைமேல் ஏறி இறங்கும் நீர்மூழ்கியின் மூக்கும் துலங்கின. அங்கே பொழுது சாய்கிற நேரம். நாள்கணக்காக மூடியிருந்த மேகம் அப்போதுதான் கிழியத் தொடங்கியிருந்தது.

பெரினா மூக்கில் மாட்டியிருந்த பிராணவாயுக் குழாயைச் சரிசெய்துகொண்டாள். பிறகு கடல் வரைபடத்தைத் திரையில் விரித்து, தான் போட்டு வைத்திருந்த புள்ளிகளையும் கோடுகளையும் ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தாள்.

"எதுக்கு அழிக்கிற? எங்க இருக்கன்னு அதை வெச்சுத்தானே தெரியும்?"

"அது நான் இருக்கேன்னு நினைச்ச இடம். பழைய புள்ளி கண்ணுல பட்டுச்சுன்னா கை தானா அதுக்குப் பக்கத்துலயே போய் நிக்கும். அழிச்சிட்டுத்தான் அளக்கணும்."

கப்பல் கட்டும் தளத்தின் வரைபடப் பிரிவில் காலமெல்லாம் உட்கார்ந்து வரைந்தவள். பென்சிலைவிட அழிப்பானை அதிகம் தேய்த்தவள் என்று அவளைச் சக ஊழியர்கள் கேலி செய்வார்கள். நுரையீரல் கெட்டு, ஐந்து மாடி ஏறி இறங்க முடியாமல் வீட்டோடு முடங்கிய பிறகு இந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டாள். பழைய போர்க்காலத்து ஜெர்மன் நீர்மூழ்கியை அட்லாண்டிக்கில் ஓட்டும் விளையாட்டு. அதிலும் ஆகக் கடினமான முறையைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். படகு எங்கே இருக்கிறது என்று விளையாட்டு காட்டிக்கொடுக்காது. நட்சத்திரத்துக்கும் அடிவானத்துக்கும் நடுவே உள்ள கோணத்தை அளந்து, கணக்குப் போட்டு, நாமே கண்டுபிடிக்க வேண்டும். துறைமுகம் சேர்கிற வரைக்கும் பயணத்தைச் சேமிக்கவும் முடியாது. நடுவில் கணினி அணைந்தால் ஆளும் போச்சு, படகும் போச்சு.

"எங்கப்பா மலையில ஒளிஞ்சு நின்னு இந்த ஜெர்மன்காரனைச் சுட்டாரு. நீ என்னடான்னா அவர் படத்துக்குக் கீழயே உக்காந்து அவன் கப்பலை ஓட்டுற" என்றார் லோவ்ரே. தினமும் சொல்வதுதான்.

"உங்கப்பா சுட்டாரு. நான் ஒரு குண்டுகூடப் போடாம அவன் டீசலை ஊர் சுத்தியே தீர்க்கிறேன். யாரால அவனுக்கு நஷ்டம் ஜாஸ்தி, சொல்லு?"

அவர் சிரித்துவிட்டார். மீன் சந்தைக்குப் போகக் கோட்டை மாட்டிக்கொண்டார். லோவ்ரே வாழ்நாளில் பாதியைச் சரக்குக் கப்பல்களில் கழித்தவர். இரண்டாம் அதிகாரியாக இருந்து நிஜ நட்சத்திரங்களை அளந்தவர். இந்தப் பொம்மை நட்சத்திரங்களை அவர் மதித்ததில்லை.

"மத்தி கிடைச்சா வாங்கு. சின்னதா பாத்து" என்றாள் பெரினா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே. பிறகு, "ஒண்ணு தெரியுமா? இந்தப் படகு உன்னைவிட மேல் லோவ்ரே. எந்தக் கடலுக்குப் போனாலும் வீட்டு நேரத்தை மாத்தாது."

"இத்தனை வருஷமா குத்திக்காட்டியும் தீரலையா உனக்கு?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. போ, மீன் தீர்ந்துடும்."

அவர் திரும்பி வந்தபோது வீட்டில் பிராணவாயு இயந்திரம் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பெரினா நாற்காலியிலேயே சாய்ந்திருந்தாள். திரையில் ஓர் அலை பாதி எழும்பிய நிலையில் அப்படியே நின்றிருந்தது. கடலை நிறுத்திவிட்டுத்தான் போயிருந்தாள்.

மீனை எதிர்வீட்டு ஸ்லவ்கா எடுத்துப்போய்ப் பொரித்துக் கொண்டுவந்தாள். யாரும் தொடவில்லை.

அயர்லாந்தின் கார்க் நகரத்தில் வேலை பார்க்கும் மகள் திஹானா மறுநாள் விமானத்தில் வந்து சேர்ந்தாள். அடக்கத்துக்குப் புறப்படுகிற நேரம். கறுப்பு உடையோடு அறைக்குள் வந்தவள், நின்றுபோன கடலைப் பார்த்தாள்.

"ராத்திரி பகலா ஓடுதே அப்பா, அணைச்சிடவா?" என்று கையை நீட்டினாள்.

"தொடாதே!"

மகளைப் பார்த்து லோவ்ரே அப்படிக் கத்தியதே கிடையாது. கீழே காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். திஹானா சுட்டுக்கொண்டவள்போலக் கையை இழுத்துக்கொண்டாள். துக்கத்தில் அப்பாவுக்குப் புத்தி கலங்குகிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்கு முதலில் பட்டது. அவரும் விளக்கவில்லை. என்னவென்று விளக்குவது? அம்மா நடுக்கடலில் இருக்கிறாள், அணைத்தால் மூழ்கிவிடுவாள் என்றா?

ஸ்லவ்காவுக்கு மட்டும் சொன்னார். அவள் முடிவெட்டும் கடை வைத்திருப்பவள், வாய் ஓயாதவள், பெரினாவின் ஒரே சிநேகிதி. கல்லறைக்கு வராமல், கணினியின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தாள்.

"நீங்க போய்ட்டு வாங்க பார்பா. அவளைப் பெட்டியோட அனுப்பிட்டு வாங்க. படகை நான் பாத்துக்கிறேன்."

கரையோரத்தில் மூத்த மாலுமிகளைப் பார்பா என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பலை விட்டு இறங்கிப் பல வருஷம் ஆனபின், அன்றைக்குத்தான் அந்தச் சொல்லுக்கு மறுபடி ஒரு வேலை வந்தது.

மகள் கார்க்குக்குத் திரும்பிப் போனாள். தன்னோடு வந்துவிடச் சொல்லி அழுதாள், அவர் அசையவில்லை. மருத்துவமனைக்காரர்கள் வந்து பிராணவாயு இயந்திரத்தை எடுத்துப்போனார்கள். அதன்பிறகு வீட்டில் சத்தம் என்று இருந்தது கணினியின் காற்றாடி மட்டும்தான். லோவ்ரே அதன் பக்கத்திலேயே சோபாவில் படுத்தார். சன்னலைத் திறக்கவில்லை. வெளியே தெற்குக் காற்று வாரக்கணக்கில் அடித்தது. சுவர்கள் வியர்த்தன, மரக்கதவுகள் ஊதி நிலையில் இறுகிக்கொண்டன. ரொட்டிக்குக்கூடக் கீழே இறங்கப் பயம். நான் இல்லாத நேரத்தில் மின்சாரம் போய்விட்டால்? அப்படிப் போனால் வீட்டிலேயே இருந்தாலும் தன்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் இறங்கவில்லை. வாளிக்குள் விழுந்த எலிபோல அந்த ஓர் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

விளையாட்டை ஓட்டவும் மனசு வரவில்லை. கடல் நிற்கிறவரைக்கும் அவள் போட்ட நிறுத்தம் அது. விசையைத் தட்டினால் அடுத்த அலை அவள் பார்க்காத அலையாகிவிடும்.

ஒரு மத்தியானம் ஸ்லவ்கா சூப்புக் கிண்ணத்தோடு வந்தாள். அடுப்பு மேடைக்கு மேலே மாட்டியிருந்த சிவப்புக் கடிகாரத்தைப் பார்த்து, "அட, ஒரு மணிதானா? பசிக்கிற பசிக்கு ரெண்டு இருக்கும்னு நினைச்சேன்" என்றாள்.

"ரெண்டுதான். அது ஒரு மணி நேரம் பின்னாடி."

"பேட்டரி தீர்ந்துடுச்சா?"

"பேட்டரிக்கு என்ன? அவ வெச்ச வழி அது."

லோவ்ரே முதன்முதலாகக் கடலுக்குப் போன வருஷம் பெரினா அந்தக் கடிகாரத்தை கிரீன்விச் நேரத்துக்குத் திருப்பி வைத்தாள். கப்பலிலிருந்து வானொலி வழியே பேச முன்பதிவு செய்யும் நேரமெல்லாம் கிரீன்விச் நேரம் என்பதால். குளிர்காலத்தில் வீட்டு நேரத்துக்கு ஒரு மணி பின்னால், வெயில் காலத்தில் இரண்டு மணி பின்னால். ஓய்வு பெற்று வந்த அன்றைக்கே அவர் அதைச் சரிசெய்தார். மறுநாள் காலையில் பழையபடி பின்னால் போயிருந்தது. திரும்பச் சரிசெய்தார், திரும்பப் பின்னால் போனது. ஒரு வாரம் நடந்த இந்த யுத்தத்தில் இருவருமே வாயைத் திறக்கவில்லை. கடைசியில் தோற்றது அவர்தான்.

"சரி, அதை விடுங்க" என்றாள் ஸ்லவ்கா. அவள் முகம் மாறியது. "கீழே பலகையைப் பாத்தீங்களா?"

"நான் எங்க கீழே போனேன்?"

"பெரினாவோட மரண அறிவிப்புக்குப் பக்கத்துலயே ஒட்டியிருக்கான். வியாழக்கிழமை காலைல எட்டு மணிக்குக் கரண்ட் நிறுத்துறானாம். கட்டடம் முழுக்கக் கம்பி மாத்தப் போறாங்க. சாயங்காலம்தான் வரும்."

லோவ்ரே கரண்டியைக் கீழே வைத்தார். அன்றைக்குப் புதன்கிழமை.

"என் கடைக்காரப் பையன் ஒருத்தன் சொன்னான் பார்பா, கரண்ட் போனாலும் கணினி ஓடறதுக்குப் பெட்டி மாதிரி ஒண்ணு விக்குதாம்."

"அதுல மாட்டணும்னா முதல்ல சுவத்துலேர்ந்து பிடுங்கணுமே ஸ்லவ்கா."

அவள் குனிந்து, சுவரில் மாட்டியிருந்த செருகியைப் பார்த்தாள்.

அவள் போனதும் லோவ்ரே பெரினாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். விசைப்பலகையின் ஒவ்வொரு விசைமேலும் அவள் சின்னக் காகிதத் துண்டு ஒட்டி, வரைபடக்காரியின் அச்செழுத்தில் எழுதி வைத்திருந்தாள்: மேலே, கீழே, இயந்திரம், தொலைநோக்கி. 'நிறுத்து' என்ற விசையில் எழுத்து தேய்ந்திருந்தது. அதன்மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு அழுத்தினார்.

பாதியில் நின்ற அலை விழுந்தது. டீசல் இயந்திரங்களின் இரைச்சல் அறையை நிறைத்தது. யாரோ ஒருவன் ஜெர்மன் மொழியில் இருமினான்.

ஒன்று மட்டும் செய்ய வேண்டும்: காலைக்குள் இந்தப் படகைத் துறைமுகத்துக்குள் கொண்டுபோய்ச் சேமிக்க வேண்டும். படகின் துறைமுகம், ஜெர்மன்காரர்கள் அப்போது பிடித்து வைத்திருந்த பிரான்ஸ் கரையில், பிரெஸ்ட்டில் இருந்தது. விளையாட்டில் காலத்தை வேகமாக ஓடவிட முடியும். ஒரு நாளைச் சில நிமிஷங்களில் கடந்துவிடலாம். ஆனால் எங்கேயிருந்து புறப்படுவது? வரைபடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தாள். அட்லாண்டிக் முழுவதும் வெற்று நீலமாகக் கிடந்தது.

"நல்ல வேலை பண்ண போ" என்றார், பெரினா எதிரில் இருப்பதுபோல.

மேகம் விலகி, அடிவானம் இன்னும் மறையாத நல்ல கருக்கல். பெரினா காத்துக்கொண்டிருந்தது இந்த நேரத்துக்குத்தான். லோவ்ரே நட்சத்திர உயரம் அளக்கும் கோணமானியைக் கண்ணுக்குக் கொண்டுவந்தார். துருவ நட்சத்திரத்தை இறக்கி அடிவானத்தில் உட்கார வைத்தபோது, பழைய கைக்கு எல்லாம் நினைவு வந்தது. பிறகு கிழக்கே ஏறும் மகம். தெற்கே ரோகிணி. ஒவ்வொன்றையும் அளந்த கணத்தில், வரைபட மேசைக்கு மேலே தொங்கும் பித்தளைக் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்தார்.

துருவத்தின் உயரம், படகு எவ்வளவு வடக்கே இருக்கிறது என்று சொல்லிவிடும். அதற்குக் கடிகாரம் தேவையில்லை. கிழக்கும் மேற்கும்தான் கடிகாரத்தின் கையில். வானம் நிற்காமல் சுற்றுவதால், நேரம் பிசகினால் இடம் பிசகும். பெரினா அந்தக் காலத்து வானியல் அட்டவணைகளை அச்செடுத்து மேசையிலேயே வைத்திருந்தாள். லோவ்ரே பென்சிலைக் கூராக்கிக்கொண்டு குனிந்தார். அவள் போனபிறகு முதல்முறையாகப் பசியும் துக்கமும் மறந்து ஒரு வேலை செய்தார்.

விடை வந்தது. வரைபடத்தில் வைத்துப் பார்த்தார். நடுக் கடல். அயர்லாந்துக்கும் மேற்கே, கரையே இல்லாத ஆழத்தின் நட்டநடுவில்.

எண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார். ஊர் சுற்றியே தீர்த்திருந்தாள். எவ்வளவு மெதுவாகப் போனாலும் பிரெஸ்ட்டுக்குப் பாதி வழிகூடத் தாங்காது.

கணக்கை முதலிலிருந்து போட்டார். அதே இடம். மூன்றாவது தடவையும் அதே இடம். அவர் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் அவரை உலுக்கியது. பிழை இருந்தால் திருத்தலாம். சரியாக இருக்கிற ஒன்றை என்ன செய்வது? அவள் திரும்பி வர முடியாத தூரத்துக்குப் போய்விட்டாள். தெரிந்தேதான் போயிருப்பாளோ? மூச்சு இனி அதிக நாள் ஓடாது என்று தெரிந்தவளுக்குத் திரும்பி வருகிற எண்ணெய் எதற்கு?

அறையில் காற்றே இல்லாததுபோல் இருந்தது. படகுக்குள்ளும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது: இரும்புக் குழாய்க்குள் வியர்த்து வழிந்துகொண்டு, மேலே வானத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல். வானொலிக்காரன் தலைமையகத்தின் செய்தியை நீட்டினான். இதுவரை எத்தனை எதிரிக் கப்பல்களை மூழ்கடித்தீர்கள், உடனே தெரிவிக்கவும். பெரினா பதிலே போடாத அதே கேள்வி பத்துப் பதினைந்து தடவை வந்திருந்தது.

சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. எண்ணெய் இருக்கிறவரைக்கும் போகட்டும் என்று படகின் மூக்கைத் தென்கிழக்காகத் திருப்பினார். காலத்தை ஓடவிட்டார்.

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். காலம் தானாக வேகம் குறைந்தது. ஆழம் பார்க்கிறவன் ஏதோ கத்தினான். கோடைக்கு அறை வாடகைக்கு எடுக்க வரும் ஜெர்மானியர்களிடம் பேரம் பேசிக் கற்ற ஜெர்மன்தான் லோவ்ரேவுக்குத் தெரியும்; ஆனால் எண்கள் நன்றாகப் புரியும். நூறு மீட்டர் என்றான் அவன்.

நூறு மீட்டரா? இந்த இடத்தில் மலையையே போட்டாலும் மூழ்குமே. லோவ்ரே இயந்திரத்தை நிறுத்தினார். படகு அலையில் தள்ளாடியது. மேல்தளத்துக்குப் போய்த் தொலைநோக்கியைச் சுற்றினார். இருட்டு. இன்னும் கொஞ்சம் வடக்கே திருப்பினார்.

ஓர் ஒளி கண்ணடித்தது. அணைந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். ஐந்து எண்ணியதும் மறுபடி கண்ணடித்தது. மறுபடி ஐந்து.

அந்த விளக்கை அவருக்குத் தெரியும். குளிர்காலப் புயல்களில் அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது எத்தனையோ முறை அதைக் கண்டு மனசு ஆறியிருக்கிறார். அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், ஃபாஸ்ட்நெட் பாறைமேல் நிற்கும் கலங்கரை விளக்கம்.

நடுக் கடலில் அயர்லாந்து எப்படி வந்தது?

வரைபடத்தில் விளக்கின் இடத்திலிருந்து தான் போட்ட புள்ளிவரைக்கும் அளந்தார். வந்த தூரத்தைக் கழித்தார். வடக்கு தெற்கில் ஒரு குறையும் இல்லை. கிழக்கு மேற்கில் மட்டும் பதினைந்து பாகை தள்ளியிருந்தது. பத்தில்லை, இருபதில்லை. சுளையாகப் பதினைந்து.

பதினைந்து பாகை என்றால் ஒரு மணி நேரம். வானம் ஒரு மணியில் அவ்வளவுதான் சுற்றும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்த மாலுமியும் சொல்வான். அப்படியானால் அந்தப் பித்தளைக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஏன்?

*இந்தப் படகு உன்னைவிட மேல் லோவ்ரே. எந்தக் கடலுக்குப் போனாலும் வீட்டு நேரத்தை மாத்தாது.*

லோவ்ரே நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். சிரிப்பு எங்கே முடிந்து எது தொடங்கியது என்று அவருக்கே தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

சரக்குக் கப்பலில் வரைபட மேசைக்கு மேலிருக்கும் கடிகாரம் என்றால் அது கிரீன்விச்தான். அதைத் தொடக் கப்பல் தலைவனுக்கே கை கூசும். லோவ்ரேவுக்கு அதைச் சந்தேகிக்கவே தோன்றாது. ஆனால் இது சரக்குக் கப்பல் இல்லையே. ஜெர்மன் நீர்மூழ்கிகள் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் பெர்லின் நேரத்தில்தான் வாழ்ந்தன. ஸ்ப்ளிட்டைப்போலவே அதுவும் கிரீன்விச்சுக்கு ஒரு மணி முன்னால். சமையலறைக் கடிகாரத்துக்காக வீட்டு நேரத்தில் ஒன்றைக் கழித்துப் பழகிய பெரினாவுக்கு அது கைவந்த வழக்கம். அவள் சொன்னது குத்திக்காட்டல்தான். ஆனால் வழியும் அதிலேயே இருந்தது. அவர் குத்தலை மட்டும் வாங்கிக்கொண்டு மீன் வாங்கப் போய்விட்டார்.

இனி எண்ணெய் போதும். அவள் கரைக்கு இவ்வளவு கிட்டத்தில்தான் இருந்திருக்கிறாள். ஆனால் இந்தப் பாறைகள் பக்கம் அவளுக்கு என்ன வேலை?

தொலைபேசியை எடுத்தார்.

"அப்பா? என்னாச்சு? உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல. அங்க மழையா?"

"இங்க என்னைக்கு மழை இல்ல? சாப்பிட்டியா நீ?"

"ஸ்லவ்கா சூப் கொண்டுவந்தா. திஹானா, உங்கம்மா உன்கிட்ட வர்றதா ஏதாவது சொன்னாளா?"

நுரையீரல் இருந்த நிலைக்குப் பெரினா விமானம் ஏறக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். மகளின் வீட்டை அவள் படத்தில்தான் பார்த்திருந்தாள்.

"கடைசியா பேசினப்ப சொன்னாப்பா" என்றாள் திஹானா மெதுவாக. "'இந்த வாரம் உன் பக்கம் வர்றேன், காப்பி போட்டு வை. ஜெர்மன்காரன் கப்பல்ல வர்றேன், அக்கம்பக்கத்துல சொல்லிடாதே'ன்னா. மருந்து மயக்கத்துல பேசுறான்னு நினைச்சேன். சரிம்மா சரிம்மான்னு வெச்சிட்டேன். ஏன் கேக்குற?"

"மயக்கம் இல்ல. உன் வாசல் வரைக்கும் வந்துட்டா. விளக்குத் தெரியுது."

மகள் அழுகிறாள் என்று தெரிந்தது. அவர் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே, தொலைநோக்கியைக் கார்க் இருக்கும் திசைக்குத் திருப்பினார். அங்கே ஒன்றும் இல்லை, இருட்டுத்தான். இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்தார். அங்கே கொண்டுபோய் நிறுத்தலாம்தான். ஆனால் அது படகின் துறைமுகம் இல்லை, சேமிக்க முடியாது. இரண்டு பயணத்துக்கு எண்ணெயும் இல்லை.

"நாளைக்குப் பேசறேன். கரைக்குப் போகணும்" என்று வைத்தார்.

பிரான்ஸ் கரையை நெருங்கும்போது விமானம் வந்தது. காவலுக்கு நின்றவன் அலறினான். லோவ்ரே 'கீழே' என்று எழுதியிருந்த விசையைக் குத்தினார். படகு தலைகுப்புறச் சரிந்து இருளுக்குள் இறங்கியது. குண்டுகள் வெடித்தன, விளக்குகள் அணைந்து சிவப்பாக எரிந்தன. எதிரி அருகில் இருக்கும்போது காலத்தை ஓடவிட விளையாட்டு மறுத்துவிட்டது. நீருக்கடியில் படகு நடக்கிற மனிதனின் வேகத்தில் ஊர்ந்தது. உள்ளே எல்லாரும் கிசுகிசுவென்று பேசினார்கள். மேலே வந்தால் சாவு, கீழேயே கிடந்தால் வியாழக்கிழமை. மரக்கதவின் இடுக்குகளில் வெளிச்சம் கோடு கோடாக விழத் தொடங்கியபோதுதான் மேலே எழும்பத் துணிந்தார். வானம் காலியாக இருந்தது. தூரத்தில் பிரெஸ்ட் துறைமுகத்தின் வாய் தெரிந்தது.

தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது. மாடிப்படியில் பூட்ஸ் சத்தம். மின் பெட்டி ஒவ்வொரு மாடியிலும் இருந்தது. கம்பி மாற்ற வந்தவர்கள் மேலிருந்து தொடங்கப் போகிறார்கள் போலும். கதவுக்கு வெளியே ஸ்லவ்காவின் குரல்.

"தம்பி, கொஞ்சம் இரு. உள்ள ஒருத்தரோட கப்பல் கரைக்கு வந்துக்கிட்டிருக்கு."

"கப்பலா? அஞ்சாவது மாடியிலயா அக்கா?"

"அஞ்சாவது மாடியிலதான். இதைக் குடி."

"ஐயோ, வேலை நேரம் அக்கா. காலங்காத்தால பிராந்தியா?"

"வேலை நேரத்துல குடிக்காதவன் இந்த ஊர்ல எவன்டா? உனக்கு முடியும் இலவசமா வெட்டி விடறேன். காடு மாதிரி வெச்சிருக்க. குடி!"

லோவ்ரே திரும்பிப் பார்க்கவில்லை. தடுப்புச் சுவரை வலப்பக்கம் விட்டு, மிக மெதுவாக, முட்டையை வைப்பதுபோல் படகைத் துறையோடு சேர்த்தார். கரையில் வாத்தியக்காரர்கள் ஊதினார்கள். பூங்கொத்தோடு பெண்கள் நின்றார்கள். திரையில் பயணத்தின் கணக்கு விரிந்தது. மூழ்கடித்த கப்பல்கள்: இல்லை. பதக்கங்கள்: இல்லை. உயிரிழந்த மாலுமிகள்: இல்லை. அதற்குக் கீழே, சேமிக்கவா என்ற கேள்வி.

ஆம் என்றார். ஒரு சின்னச் சக்கரம் சுற்றியது. நின்றது.

"ஸ்லவ்கா! அவனை விட்டுடு!"

"கயிறு கட்டியாச்சா பார்பா?"

"கட்டியாச்சு!"

வெளியே ஒரு பெட்டி திறக்கும் சத்தம். திரை கறுத்தது. காற்றாடி சுற்றிச் சுற்றித் தளர்ந்து ஓய்ந்தது. அவள் போனதிலிருந்து வீட்டில் அவ்வளவு நிசப்தம் இருந்ததில்லை.

லோவ்ரே எழுந்து சன்னலுக்குப் போனார். ஈரத்தில் ஊதிய மரக்கதவுகள் வர மறுத்தன; தோளைக் கொடுத்துத் தள்ளினார். வெயில் நாற்காலி வரைக்கும் வந்து விழுந்தது. சாயங்காலம் வரைக்கும் மின்சாரம் இல்லை. கீழே இறங்கி ரொட்டி வாங்கலாம், மீன் சந்தை திறந்திருந்தால் மத்தியும் வாங்கலாம். மணி என்ன ஆயிற்றோ என்று சமையலறையை எட்டிப் பார்த்தார்.

சிவப்புக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு மணி நேரம் பின்னால்.